அண்ணாச்சியிடம் கேளுங்கள்: நூறு ரூபாய் பதிவும் நாலு கிலோ மிச்சமும்

போன மாதம் அதிரசப் பாகு பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் கொஞ்சம்தான். கடைசி வரியில் போகிறபோக்கில் "லைசென்ஸ் இல்லாமல் அடுப்பு மூட்டாதீர்கள்" என்று சொல்லியிருந்தேன் பாருங்கள், அதற்குத்தான் கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. பாதிப் பேர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் கோபமாக. அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை. 1986-ல், 15 வயசில், லாலா கடை என்கிற ஒரு மிட்டாய்க் கடையில் அண்டா கழுவச் சேர்ந்தேன். 19 வருஷம் பிறத்தியார் அடுப்பில் வெந்தேன். 2005-லிருந்து விருதுநகரில் சொந்த அடுப்பு. ஆறு பேர் வேலை பார்க்கிற சின்னக் கடை. என் படிப்பு, பட்டம் எல்லாம் அதுதான்.

வீட்டில் ரவா லட்டும் பால்கோவாவும் செய்து, தெருவிலும் வாட்ஸ்அப் குழுவிலும் விற்கிறேன் அண்ணாச்சி. வாரத்துக்கு எட்டு கிலோ போனால் பெரிசு. "ஆபீசர் வந்தா அபராதம் போடுவாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். எட்டு கிலோவுக்குமா லைசென்ஸ்?
*– ஒரு வாசகி, தேனி*

எட்டு கிலோவுக்கும் உண்டு தங்கச்சி. காசு வாங்கிக்கொண்டு ஒருத்தர் வாயில் போடுகிற பண்டத்தைச் செய்தால், அது வீட்டு அடுப்பானாலும் கடை அடுப்பானாலும் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது லைசென்ஸ் இல்லை, பதிவு. இரண்டும் வேறு வேறு. சின்ன வியாபாரத்துக்குப் பதிவு, அதைத் தாண்டினால் மாநில லைசென்ஸ், ரொம்பப் பெரிய ஆலைகளுக்கு மத்திய லைசென்ஸ்.

நான் 2014-ல் எடுக்கும்போது வருஷ விற்பனை 12 லட்சம் வரைக்கும் பதிவு போதும், வருஷத்துக்குக் கட்டணம் 100 ரூபாய். இந்த வரம்புகளை அவ்வப்போது திருத்துவார்கள். விண்ணப்பிக்கிற அன்றைக்கு ஃபாஸ்காஸ் என்கிற அரசு இணையதளத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதில் நிறையப் பேர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. வரம்பு என்பது விற்பனைக்கு, லாபத்துக்கு இல்லை. மாதம் ஒரு லட்சத்துக்கு விற்று, கையில் பத்தாயிரம் நின்றாலும் கணக்கு ஒரு லட்சம்தான்.

உங்கள் போட்டோ, ஆதார், வீட்டு முகவரிக்கு ஒரு சான்று, என்னென்ன செய்கிறீர்கள் என்ற விவரம், இவ்வளவுதான் முக்கியமாகக் கேட்பார்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, எழுதி வாங்கிவிடுங்கள். பதிவு வந்ததும் அவர் வந்து "என் வீட்டை எப்படி ஃபேக்டரி ஆக்கினே?" என்று கத்தினால் நன்றாக இருக்காது. என் மைத்துனிக்கு நடந்தது.

இணையத்தில் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். ஆனால் நடுவில் "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு ஆள் வருவார். என்னிடம் வந்தவர் அந்த 100 ரூபாய் வேலைக்கு 2,500 வாங்கினார். அதில் என் பெயரிலேயே ஒரு எழுத்தை விட்டுவிட்டார், அதைத் திருத்த நான்தான் அலைந்தேன். சின்னத் தொழில்களுக்கான உத்யம் பதிவு என்று ஒன்று எடுக்கச் சொல்வார்கள், கடன் கிடன் வாங்க உதவும், எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை. அதற்கும் காசு கேட்டால் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கையில் 14 இலக்க எண் வந்ததும் பில்லிலும் பாக்கெட்டிலும் அது இருக்க வேண்டும். டப்பாவில் அடைத்து விற்பதானால் பண்டத்தின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, நிகர எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், விலை, உங்கள் முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி, எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். முந்திரி, பால், கடலை, கோதுமை இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாதோ, நமக்குத் தெரியாது.

பால்கோவா பற்றி ஒரு வார்த்தை. வாரம் ஒருநாள் மொத்தமாகக் கிண்டி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் அடியில் பார்த்தேன். வேண்டாம். ஆர்டர் எடுத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை கிண்டுங்கள். எட்டு கிலோவை நாலு நாலாகப் பிரித்தால் உங்களுக்குக் கை வலி கூடும்தான், வாங்குகிறவர்களுக்கு ருசியும் கூடும்.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டேன். 15 லட்சம் கையில் இருக்கிறது. கோவையில் கருப்பட்டி மிட்டாயும் ஜிலேபியும் கண் முன்னாலேயே போட்டு, சூடாகத் தட்டில் வைத்துக் கொடுக்கிற கடை போட ஆசை. வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். எந்த மெஷின் வாங்கலாம்? லைசென்ஸ் எத்தனை வேண்டும்?
*– ஒரு வாசகர், கோவை*

தம்பி, மெஷின் விலைப்பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள். ஒருநாள் பஸ் ஏறி சாத்தூருக்கோ விருதுநகருக்கோ வாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஏதாவது ஒரு மிட்டாய்க் கடை அடுப்படியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

என்ன பார்ப்பீர்கள் தெரியுமா? அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, தண்ணீர் காட்டாமல் கெட்டியாக ஆட்டிய மாவு. நாங்கள் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுவோம், கடைக்குக் கடை மாறும். நடுவில் ஓட்டை போட்டு ஓரம் தைத்த ஒரு துணி. அதில் மாவை அள்ளி முறுக்கிப் பிடித்து, எண்ணெய்மேல் சுற்றிச் சுற்றிப் பிழிவார் மாஸ்டர். கை ஒரே வேகத்தில் போக வேண்டும். வேகம் குறைந்தால் மிட்டாய் தடித்து உள்ளே மாவு வேகாது, கூடினால் நூலாகிக் கருகும். பொன்னிறம் ஆகிற வரைக்கும் காத்திருக்கிற பண்டம் இல்லை இது. வெந்து, மேலே மொறுமொறுப்பு ஏறியதும் எடுத்து, சொட்டச் சொட்ட அப்படியே பக்கத்துச் சட்டிப் பாகில் போட வேண்டும்.

அந்தப் பாகில்தான் எல்லாம் இருக்கிறது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் போட்டு ஒற்றைக் கம்பிக்குக் கொண்டு வருவோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டு இழுத்தால் ஒரு நூல் வந்து அறுபட வேண்டும். அந்த நூல் வருவதற்கு முன்னாலேயே போட்டால் மிட்டாய் நனைந்த துணி மாதிரி ஆகிவிடும். கம்பி தாண்டிவிட்டால் பாகு உள்ளே ஏறாமல் மேலேயே சட்டை போட்டுக்கொள்ளும். சரியாக விழுந்த மிட்டாயைக் கடித்தால் குழாய்க்குள்ளிருந்து பாகு நாக்கில் இறங்கும். அடுத்த நாளும் அதைத் தின்னலாம், கெட்டுப்போகாது. ஆனால் அந்த இறக்கம் இருக்காது. நீங்கள் விற்கப்போவது அந்த இறக்கத்தைத்தான். அதற்கு மெஷின் கிடையாது, நல்ல கை உள்ள ஒரு மாஸ்டர்தான் உண்டு. உங்கள் 15 லட்சத்தில் ஆறு மாதச் சம்பளத்தை அவருக்கென்று எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்குக் கிலோ 400 ரூபாய்க்கு விற்கிறீர்கள், கிலோவுக்கு அடக்கம் 320 என்று வைப்போம். ஒருநாள் 20 கிலோ போடுகிறீர்கள். 16 கிலோ விற்கிறது. கூட்டம் நல்ல கூட்டம், சிரித்துக்கொண்டே கல்லாவை எண்ணுகிறீர்கள், 6,400 ரூபாய். போட்டதற்கு ஆன அடக்கம்? அதுவும் 6,400. நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்றதற்குக் கூலி அந்த நாலு கிலோ மிச்சம். அதையே 16 கிலோ மட்டும் போட்டிருந்தால் 1,280 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். சுடச்சுட விற்கிற கடைகள் கூட்டம் இல்லாமல் மூடுவதைவிட இந்த நாலு கிலோவால் மூடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் ஏழரை மணிக்கு "தீர்ந்துபோச்சு" என்று பலகை மாட்டப் பழகுங்கள். வந்தவர் திட்டிவிட்டுப் போவார், நாளைக்குச் சீக்கிரம் வருவார்.

லைசென்ஸுக்கு வருவோம். ஒரே இடத்தில் செய்யவும் செய்து பரிமாறவும் போகிறீர்கள். விண்ணப்பத்தில் தொழில் வகையைக் குறிக்கும்போது தயாரிப்பு, பரிமாறல் இரண்டையும் சேர்த்துக் குறியுங்கள். ஒன்றை மட்டும் குறித்துவிட்டு, பிறகு மாற்ற அலைந்தவர்கள் உண்டு. அடுத்த தெருவில் இன்னொரு கிளை போட்டால் அதற்குத் தனி லைசென்ஸ். மாநில லைசென்ஸ் என்றால் அடுப்படி வரைபடம், சாமான்கள் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எல்லாம் கேட்பார்கள். வேலையாட்கள் எல்லாருக்கும் வருஷா வருஷம் மருத்துவச் சான்று வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று உண்டு, பெயர் ஃபாஸ்டாக். சுங்கச்சாவடிச் சமாச்சாரம் இல்லை, ஒருநாள் வகுப்பு. நீங்களே போய் உட்காருங்கள். நான் போகமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டுதான் போனேன். பச்சைப் பால் வைக்கிற இடத்தில் கிண்டிய கோவாவை வைக்கக் கூடாது என்பதை முப்பது வருஷத்துக்கு மேல் அடுப்படியில் நின்ற அப்புறம் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மாநகராட்சித் தொழில் உரிமம் தனி. தராசுக்கு முத்திரை தனி. காஸ் சிலிண்டர் 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும், வீட்டு சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு வராதீர்கள். தப்பு என்பது ஒருபக்கம், விபத்து என்று வந்தால் காப்பீடும் கைகொடுக்காது. ஜி.எஸ்.டி. வரம்பு பொருள் விற்பனைக்கு ஒன்று, பரிமாறுவதற்கு ஒன்று. நீங்கள் இரண்டும் செய்கிறீர்கள், அதனால் கடை திறப்பதற்கு முன்னாலேயே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேர்கிற, துருவச் சேர்மங்கள் என்கிற கெடுதல் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018-லிருந்து விதி. ஆபீசர் கையில் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கருவி இருக்கும், எண்ணெயில் விட்டால் எண் காட்டிவிடும். நமக்கு அந்தக் கருவி வேண்டாம். எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணெயை ரோட்டோரக் கடைக்கு விற்காதீர்கள். பயோடீசலுக்கு எடுத்துப்போக அனுமதி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இன்னொன்று. பலகையில் "கருப்பட்டி" என்று எழுதினால் சட்டியிலும் கருப்பட்டிதான் கொதிக்க வேண்டும். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மூட்டை மூட்டையாக வருகிறது, விலையும் பாதிதான். அதை வாங்கினால் பலகையை "மிட்டாய்" என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் "இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்" என்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள். தேதியைப் பார்த்தால் ஜனங்கள் பழசு என்று ஒதுக்கிவிட மாட்டார்களா? எங்கள் ஊரில் பாதிக் கடையில் எழுதுவதே இல்லை.
*– ஸ்வீட் ஸ்டால் உரிமையாளர், தஞ்சாவூர் மாவட்டம்*

1.10.2020-லிருந்து கட்டாயம் அண்ணே. செய்த தேதி போடுவது நம் விருப்பம், எந்தத் தேதிவரை நல்லது என்பது போட்டே ஆக வேண்டும். எதற்கு எத்தனை நாள் என்று ஒரு வழிகாட்டியும் கொடுத்திருக்கிறார்கள். கலாகண்ட் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ரசகுல்லா, ரசமலாய் இரண்டு நாள். கடலைமாவு லட்டு 30 நாள் தாங்கும். உங்கள் ஊர் வெயில், உங்கள் கடைத் தட்டு, உங்கள் நெய் எல்லாம் வைத்து நீங்களே குறைத்துக்கொள்ளலாம். கூட்டாதீர்கள்.

நீங்கள் பயப்படுகிற மாதிரியே எனக்கும் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு பழக்கம். நேற்றைய லட்டு மிச்சமானால் அதை உதிர்த்து, இன்றைய பூந்தியோடு கலந்து, சூட்டோடு சூடாகப் பிடித்துவிடுவார்கள். "பழசு சேர்க்கிறது" என்று பெயர். அதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொந்தக் கடையிலும் அதையே செய்தேன்.

கடை போட்டு சில வருஷம் கழித்து ஒரு தீபாவளி. மூன்று நாள் அடைமழை. போட்டதில் 22 கிலோ லட்டு நின்றுவிட்டது. கையில் இருந்த பணமெல்லாம் அந்தத் தட்டுகளில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழசு சேர்த்து ஒரு வாரத்தில் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நாலாவது நாள், ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், எப்போதும் கால் கிலோ வாங்குகிறவர், டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, இத மோந்து பாருங்க" என்றார். மோந்தேன். சிக்கு வாடை. நாள் பூரா அடுப்படியில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் போன வாடை, டப்பாவுக்குள் அடைந்து வந்ததும் மூக்கில் ஏறியது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் அப்புறம் ஒரு வருஷம் என் கடைப் பக்கமே வரவில்லை. மீதி லட்டை அன்று ராத்திரியே குழி தோண்டிப் புதைத்தோம். மாட்டுக்குக்கூட வைக்க மனசு வரவில்லை.

தேதிப் பலகை வந்தபோது நான் பயந்தது இதனால்தான். மறைக்க ஏதாவது இருக்கிறவனுக்குத்தான் தேதி எதிரி. எழுத ஆரம்பித்த முதல் வாரம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடந்தது, எல்லாரும் புதுத் தட்டைக் காட்டித்தான் கேட்டார்கள், பழைய தட்டு அப்படியே நின்றது. நான் செய்தது ஒன்றுதான். ஒரே சமயத்தில் இரண்டு தட்டு இருக்காதபடி ஈடைக் குறைத்தேன். பத்து கிலோ ஈடு ஆறு கிலோ ஆனது. மாஸ்டர் முணுமுணுத்தார், விறகு கூட ஆகுதே என்று. ஆனது உண்மைதான்.

பாதிக் கடையில் எழுதவில்லை என்கிறீர்கள். நீங்கள் எழுதுங்கள், அடுத்த கடைக்காரர் எழுதாததும் உங்களுக்கு ஒரு விளம்பரம்தானே.

ஜிலேபிக்குக் கலர் போடலாமா, கூடாதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
*– ஒரு வாசகர், சேலம்*

அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு உண்டு. மஞ்சளுக்கு டார்ட்ராஸின், ஆரஞ்சுக்கு சன்செட் யெல்லோ இந்த மாதிரி. அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான். அதாவது பத்து கிலோ ஜிலேபிக்கு மொத்தமே ஒரு கிராம். நம் ஆட்கள் கரண்டிக் காம்பில் அள்ளிப் போடுகிறார்களே, அது ஒரு கிராம் என்றா நினைக்கிறீர்கள்? ஜரிகை மாதிரி மின்னுகிற ஜிலேபியைப் பார்த்தாலே எனக்கு அந்தக் காம்புதான் ஞாபகம் வரும். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயை நம் மாநிலத்தில் தடை செய்தார்களே, அதில் இருந்தது ரோடமின்-பி, துணிக்குப் போடுகிற சாயம். அது ஒரு துளிகூடக் கூடாது. நான் கலர் போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. முதலில் "என்ன அண்ணாச்சி, ஜிலேபி சோகை பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார்கள். இப்போது கேட்பதில்லை.

கடலை மிட்டாய் போட்டு பாக்கெட்டில் "கோவில்பட்டி கடலை மிட்டாய்" என்று அச்சடித்து விற்கலாமா? என் அப்பா கோவில்பட்டிக்காரர்தான், நான் இருப்பது ஓசூர்.
*– ஒரு வாசகர்*

கூடாது. 2020 ஏப்ரலில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கோவில்பட்டியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் செய்கிறவர்கள், முறைப்படி பதிந்துகொண்டு, அந்தப் பெயரைப் போடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019-லிருந்து அப்படித்தான். அப்பா ஊர் பிள்ளைக்கு ஒட்டும், மிட்டாய்க்கு ஒட்டாது. உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்தால், பல்லில் ஒட்டாமல் 'டக்'கென்று உடைய வேண்டும். அதற்கு முன்னால் கடலையைப் போட்டால், ஈரக் காற்றுக்குப் பாக்கெட்டுக்குள்ளேயே பிசுபிசுத்துவிடும். மிட்டாய் நன்றாக ஆறிய பிறகு அடையுங்கள், வெதுவெதுப்போடு அடைத்தால் உள்ளே வேர்க்கும்.

ஒரு கடையில் அரை கிலோ மைசூர்பாகு வாங்கினேன். வீட்டில் வந்து எடை போட்டால் 440 கிராம். கேட்டால் "டப்பாவோட சேர்த்துத்தான் எடை" என்கிறார்கள். இது நியாயமா?
*– ஒரு வாசகி, மதுரை*

நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. இனிப்பின் நிகர எடைக்குத்தான் காசு. காலி டப்பாவைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கிவிட்டு, பிறகு இனிப்பை வைக்க வேண்டும். மின்னணுத் தராசில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி அட்டை 60 கிராம். கிலோ 700 ரூபாய் இனிப்பு என்றால் அட்டையை 42 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். தொழிலாளர் துறையில் எடையளவைப் பார்க்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள், பில்லோடு புகார் கொடுக்கலாம்.

தொழில் தொடங்கப்போகிறவர்களும் இதைப் படித்துக்கொள்ளுங்கள். மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை. டப்பா அழகாக இருக்க வேண்டும் என்று நல்ல கனமான அட்டை வாங்குகிறீர்கள் இல்லையா, அதற்கான காசை இனிப்பு விலையில் நேராகச் சேருங்கள். தராசு வழியாகப் பின்வாசலில் எடுக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் 22 வருஷமாக ஸ்வீட் மாஸ்டர். கை நல்ல கை. முதலாளிகள் மாறினார்கள், இவர் சம்பளம் மாறவில்லை. தனியாகக் கடை போடலாம் என்றால் "லைசென்ஸு, கணக்கு, ஆபீசு எல்லாம் எனக்கு ஆகாது" என்கிறார். நான் பத்தாவது வரை படித்திருக்கிறேன். என்ன செய்யலாம் அண்ணாச்சி?
*– ஒரு வாசகி, சிவகாசி*

லைசென்ஸை உங்கள் பெயரில் எடுங்கள் அம்மா. விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் அடுப்படி, நீங்கள் கல்லா. பத்தாவது வரை படித்தது போதும், மேலே தேனித் தங்கச்சிக்கு எழுதியதைப் படித்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். கடன் தேவைப்பட்டால் விருதுநகரில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது, நேராகப் போய் என்னென்ன திட்டம் இருக்கிறது என்று கேளுங்கள். கந்துவட்டிப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

கடையைச் சின்னதாகப் போடுங்கள். மாஸ்டர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எனக்கும் இருந்தது. 22 வருஷம் முதலாளி கடையில் 50 கிலோ ஈடு போட்டுப் பழகிய கைக்கு நாலு கிலோ ஈடு போட வெட்கமாக இருக்கும். தெரிந்த பத்து இனிப்பையும் முதல் நாளே தட்டில் அடுக்கிக் காட்டத் தோன்றும். விடாதீர்கள். இரண்டு இனிப்பு, ஒரு காரம். அவர் கோபித்துக்கொண்டால் ஒரு மாதம் கழித்து மூன்றாவது இனிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

கோவா வெளியில் வாங்குவதானால் ஒரு துளி டிஞ்சர் அயோடின் விட்டுப் பார்ப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது, அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். கடன் கொடுக்கிற வேலையும் உங்களிடமே இருக்கட்டும். அதாவது, கொடுக்காத வேலை. ஆண்பிள்ளைகளுக்கு "நாளைக்குத் தாரேன் மாஸ்டர்" என்று தோளில் தட்டினால் போதும், கரைந்துவிடுவோம்.

ஒரு நோட்டும் வாங்குங்கள். நாலு கட்டம்: தேதி, போட்டது, விற்றது, மிச்சம். தினமும் ஷட்டர் இறக்குவதற்கு முன்னால் எழுத வேண்டும், எத்தனை அசதியானாலும். எங்கள் கடையில் இதை எழுதுவது என் வீட்டம்மாதான், 2005-லிருந்து. டீச்சரம்மா டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்த வாரத்தில் மட்டும் ஏழு நாள் வெறுமையாக இருக்கிறது, நான் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் போன வாரம் எடுத்துப் பார்த்தோம். போட்டது: லட்டு 3 கிலோ, மிக்சர் 2 கிலோ. மிச்சம் என்ற கட்டத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறாள், "மிக்சர் முக்கால் கிலோ. நாமளே தின்னாச்சு."